முகூர்த்த நாளில் மட்டும் நின்ற வண்டி

தனக்குப் புரியாத பாகத்தை அறுத்து வெளியே போடுகிறவனுக்கு மெக்கானிக் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் அந்த ஆளை நம் ஷெட்டுக்கு வரவழைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பேன். அவர் பார்க்க வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போன வாரம் ஷெட்டுப் பக்கம் வந்தேன் இல்லையா? முட்டி வலிக்குத் தைலம் வாங்கக் கிளம்பியவளை, பழக்கத்தில் கால் உள்ளே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் ஒரு பழைய சிவப்பு வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தீர்கள். "இன்ஜெக்ஷனே வேணாம்டா. கழட்டிக் கடாசிட்டு ஒரு கார்புரேட்டர மாட்டி வுட்டா ஆயுசுக்கும் ஓடும்" என்று ஒருவன் சொன்னான். மற்றவர்கள் டாக்டர்கள் மாதிரித் தலையாட்டினீர்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்ச் சிரித்தேன். அதே இடத்தில், அதே மாதிரி பானெட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அதே பேச்சை எங்கள் மேஸ்திரி பேசக் கேட்டவள் நான். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வந்தது. இன்னும் நிற்கவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். திட்டுகிற இடங்களைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்கிறாள். அவள் பேங்க்கில் வேலை பார்க்கிறாள், நம் தொழிலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

என்னை இந்த ஷெட்டுக்கு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் இங்கே டிங்கர், நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்துகிறவர். மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுவருவேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், தட்டில் பெட்ரோலில் ஊறிக் கிடக்கும் சாமான்களைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுப்பேன். பிறகு அவர் ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தார். சோறு வருவது நின்றது, நான் வருவது நிற்கவில்லை. கார்புரேட்டரைக் கழுவுவதில் ஆரம்பித்து, பிரித்து மாட்டி, வண்டி நகராமல் நிற்கும்போதும் இன்ஜின் சீராக ஓடுகிற மாதிரி ஐட்லிங் வைப்பது வரைக்கும் என் கைக்கு வந்துவிட்டது.

சொல்லிக்கொடுத்தவர் மேஸ்திரி. பெயர் வேண்டாம். பழைய வண்டியில் அவர் கை வைத்தால் வண்டி வாலாட்டும். கடலூரில் இன்றைக்கு ஷெட்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். என்ன செய்யக் கூடாது என்பதையும் அவரேதான், கொஞ்சம் பின்னால்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் பிசைந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கிண்ணம். அவ்வளவுதான். இன்ஜெக்ஷனில் அதே சோற்றை ஊசி மாதிரி ஒரு குழாய் அளந்து பீச்சும். எவ்வளவு பீச்ச வேண்டும் என்று சொல்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி இருக்கும். இந்த வண்டிகள் கடலூருக்கு வந்தபோது மேஸ்திரிக்குப் பயம் வந்தது. அவருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே தெரியும். மற்ற ஷெட்டில் எதையாவது சொருகிப் பார்த்து, எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஸ்திரி அந்தப் பெட்டியை முறைப்பார். அது பயந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இப்படி இருக்கும்போதுதான் தேவநாதன் வந்தார். திருவந்திபுரத்தில் மாலை கட்டுகிறவர். அவர் கட்டுகிறார் என்று சொன்னால் அவர் மனைவி செல்விக்குக் கோபம் வரும். கட்டுவது அவள். இவர் வண்டி ஓட்டுவார், வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசுவார். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது, உங்களுக்கே தெரியும். அத்தனை கல்யாணத்துக்கும் அத்தனை பேர் மாலை கட்டுவார்கள். அந்தப் போட்டியில் இருந்து தப்பித்து, செல்வி சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தாள். சீசன் முழுக்க அங்கே நடக்கிற கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை மாலை இவளுடையது என்று மண்டபத்து மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி இவள் உள்ளூர் ஆர்டரையெல்லாம் விட்டுவிட்டாள், தொடுக்க இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள், ஒரு பழைய இன்ஜெக்ஷன் காரும் வாங்கினார்கள்.

மாலை ஏற்றிப் போகிறபோது வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கோயில் வாசலில் அவசரமாக வாங்கின மாலையைப் போட்டுக்கொண்டு தாலி கட்டினார். செல்வியின் மாலை பந்தி நடக்கும்போது போய்ச் சேர்ந்தது.

"எப்பத்தான் நிக்குது?" என்று மேஸ்திரி கேட்டார். அவரும் தேவநாதனும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், ஒரு சொந்தமும் கிடையாது.

"முகூர்த்தத்தன்னிக்கி மட்டுந்தான் மச்சான் நிக்குது."

"வண்டி பஞ்சாங்கம் பாக்குதா?"

"சிரிக்காத. மத்த நாள்ல பண்ருட்டி வரைக்கும் போயி பலாப்பழம் ஏத்திக்கினு வரேன், ஒண்ணும் ஆவறது இல்ல. மாலைய ஏத்திக்கினு கெளம்பனா சிதம்பரம் ரோட்ல ஆலப்பாக்கம் தாண்டுனதும் இழுக்க மாட்டங்குது. மூச்சு முட்டுன மாதிரி திணறிட்டு நின்னுடுது. கொஞ்ச நேரம் அப்புடியே போட்டு வச்சா தானா ஸ்டார்ட் ஆவுது."

செல்வி பக்கத்தில் நின்றாள். "நிக்கிறதுக்கு முன்னால பின்பக்கம் டொங்குனு ஒரு சத்தம் கேக்குதுண்ணே. எண்ண டின்ன அமுக்கன மாதிரி. எல்லாம் கண்ணு. அந்த ரோட்ல எவளோ ஒருத்தி நின்னுக்கினு என் மாலைய பாத்து வயிறு எரியறா."

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். வண்டியின் வியாதி முழுக்க இந்தப் பேச்சிலேயே இருந்தது. என்றைக்கு நிற்கிறது, எவ்வளவு தூரம் போய் நிற்கிறது, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது, சும்மா போட்டு வைத்தால் என்ன ஆகிறது. வண்டிக்காரர்கள் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி காதில் ஏறியது ஒரே ஒரு விஷயம்தான். இது இன்ஜெக்ஷன் வண்டி.

முதலில் பிளக்கை மாற்றினார், ஃபில்டரை மாற்றினார். தானே சிதம்பரம் வரை ஓட்டிப் போய், மேல வீதியில் காபி குடித்துவிட்டு, திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி குதிரை மாதிரி ஓடியது. அன்றைக்கு அஷ்டமி. அஷ்டமியில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

அடுத்த முகூர்த்தத்தில் வண்டி மறுபடியும் நின்றது. மாலை மறுபடியும் லேட். மண்டபத்து மேனேஜர் செல்வியிடம், "இன்னொரு வாட்டி இப்புடி ஆச்சுன்னா நீ உங்க ஊர் சாமிக்கே கட்டிக்கம்மா, எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. ஷெட்டுக்கு வந்து, "அண்ணே, அடுத்த முகூர்த்தத்துக்குப் போவலன்னா எங்க பொழப்பு அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் மேஸ்திரி பானெட்டில் முழங்கையை ஊன்றினார். "கம்ப்யூட்டர் பொட்டிக்கு சூடு ஏறுது மச்சான். லோடு ஜாஸ்தியானா மண்ட குழம்பிடுது. இத மொத்தமா கழட்டிட்டு கார்புரேட்டர் போட்டு வுட்டர்றேன்."

லோடு ஜாஸ்தி என்றார். ஏற்றியது மாலை. பலாப்பழம் ஏற்றினபோது குழம்பாத மண்டை சம்பங்கிக்கும் ரோஜாவுக்கும் குழம்பிவிட்டதாம். இதை ஷெட்டில் இருந்த ஒருத்தரும் கேட்கவில்லை. நான் எங்கே கேட்பது? ரொம்ப நாளாக என் கைக்கு வேலை குறைந்து, சும்மா சாமான் கழுவிக்கொண்டிருந்தேன். கார்புரேட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைதீபாவளி.

இன்ஜெக்ஷனை அவர்கள் கழற்றிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் பிரிப்பார்களே, அதில்கூட இந்தக் கயிறு எங்கே கட்டியது என்று ஒரு நிதானம் இருக்கும். இங்கே கட்டிங் பிளேயரை எடுத்து, கீரை கிள்ளுகிற மாதிரி வயரைக் கிள்ளினார்கள். எது எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பெட்ரோல் அளவு காட்டுகிற முள்ளுக்குப் போகிற வயரும் அதோடு போனது. டேங்க்கில் இருந்து முன்பக்கம் வருகிற சன்னமான குழாய் ஒன்று மிச்சமிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். "வேஸ்ட் பைப்க்கா" என்று சொல்லி மேஸ்திரி அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திருகினார். கழற்றினதையெல்லாம் ஓர் உரச் சாக்கில் கட்டிப் பரணில் எறிந்தார்கள்.

உடைத்து இரும்புக்குப் போட்ட ஒரு பழைய வண்டியின் கார்புரேட்டரை நான் பிரித்து, கழுவி, ஓட்டை ஓட்டையாக ஊதி, பாப்பாவைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி எடுத்து வைத்தேன். அதை உட்கார வைக்க லேத்தில் ஒரு தகடு கடைந்து வந்தார்கள். டேங்க்கில் இருந்த பம்ப் கார்புரேட்டருக்கு வேகம் ஜாஸ்தி என்று வேறொரு பம்ப் மாட்டினார்கள். குளிரில் ஸ்டார்ட் பண்ண இழுக்கிற சோக் கம்பிக்கு வழி இல்லை. சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணத்தைப் பெயர்த்துவிட்டு, அந்தப் பொந்து வழியாக இழுத்துவிட்டார்கள். அவ்வளவு சிங்காரமும் செய்து ஸ்டார்ட் பண்ணினால், வண்டி எடுத்துக்கொண்டது. என் ஐட்லிங், சும்மா சொல்லக் கூடாது, பானெட் மேல் டீ கிளாஸை வைத்தால் ஆடாது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாதாரண நாளில் மறுபடியும் சிதம்பரம் வரை போய்க் காபி குடித்துவிட்டு வந்தார். ஒரு குறையும் இல்லை. ஏற்கனவே அதே ரோட்டில் அந்த வண்டி ஒரு குறையும் இல்லாமல்தான் போய் வந்தது என்பதை அவர் மறந்துவிட்டார்.

செல்வி மட்டும் வண்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தாள். "என்னாண்ணே, வண்டி பூரா பெட்ரோல் நாத்தம். நான் மல்லி ஏத்தணும்."

"ஒரு வாரத்துல பூடும்" என்றார் மேஸ்திரி.

முகூர்த்தத்துக்கு மேஸ்திரி தானும் கூட வருவதாகச் சொன்னார். தன் வேலை ஓடுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. என்னையும் ஸ்க்ரூ டிரைவரோடு வரச்சொன்னார். விடிகிற நேரத்தில் திருவந்திபுரத்தில் செல்வி வீட்டு வாசலில் நின்றோம். தேவநாதன் முதல் நாளே டேங்க் நிரப்பி வைத்திருந்தார். மாலைக் கூடையெல்லாம் ஏறினது. செல்வி கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்து, மாலை ஏறும் நாளில் எப்போதும் செய்கிற மாதிரி வண்டிக்குப் பொட்டு வைத்தாள். கார்புரேட்டர் போட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் கொஞ்சம் தாராளம். கற்பூரம் காட்டினாள். பின்சீட்டில் கூடைகளுக்கு நடுவே அவளும் நானும், முன்னால் மேஸ்திரி. கடலூர் தாண்டுகிற வரைக்கும் கார்புரேட்டரின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தார். அந்தக் காலத்து வண்டி, அந்தக் காலத்து மனுஷன் என்றெல்லாம் போனது. நான் தூங்கிவிட்டேன்.

டொங் என்ற சத்தத்தில் விழித்தேன். என் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டது. வண்டி திணறியது, குலுங்கியது, நின்றது.

"ஆலப்பாக்கம் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் வரல" என்றார் தேவநாதன்.

"முன்னெல்லாம் ஆலப்பாக்கம் தாண்டி நிக்கும்ணே" என்றாள் செல்வி. "இப்ப அதுக்கு முன்னாலயே நிக்குது. முன்னேத்தந்தான்."

மேஸ்திரி இறங்கினார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் முள் வேலை செய்யவில்லை, அதன் வயரைத்தான் கிள்ளியாகிவிட்டதே. பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, பெட்ரோல் தளும்புகிற சத்தத்தைக் கேட்டார். மூடினார். முன்னால் வந்து கார்புரேட்டரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் நாலு தட்டுத் தட்டினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வண்டி எடுத்துக்கொண்டது.

"உள்ள மிதவை ஒட்டிக்கினு இருந்துச்சு. தட்டினேன் பாரு, வுட்டுடுச்சு" என்றார். மிதவை என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டம் பார்க்கிற சின்ன குண்டு, முந்தின நாள் நானே இழுத்துப் பார்த்து வைத்தது. கூடையில் மாலை இருக்கிறது, வெயில் ஏறுகிறது, இப்போது யார் தட்டியதால் ஓடுகிறது என்று சண்டை போட நேரமில்லை.

புதுச்சத்திரம் தாண்டினோம். மறுபடியும் டொங். மறுபடியும் நின்றது.

செல்வி கூடைத் துணியை விலக்கி மாலைக்குத் தண்ணீர் தெளித்தாள். தேவநாதன் போனில் மண்டபத்துக்குப் பேசினார். "தோ வந்துட்டோம் சார், சிதம்பரம் எல்லையில இருக்கோம்" என்று பொய் சொன்னார். மேஸ்திரி பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டுவிட்டார். நெருக்கடியில் ஒருத்தர் என்ன செய்வார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த இடத்தில் போய் ஒளிந்துகொள்வார். அந்த மனிதருக்குத் தெரிந்த இடம் கார்புரேட்டர்.

செல்வி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். வண்டியின் பின்பக்கம் போனாள். "மொதல்ல நின்னப்ப இதத்தான தொறந்தாரு" என்று சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸ் என்று ஒரு சத்தம். வெளியே வருகிற காற்று இல்லை, உள்ளே போகிற காற்று. குக்கருக்கு நேர் எதிர். அதோடு டேங்க்கில் இருந்து இன்னொரு டொங்.

"ஏங்க, ஸ்டார்ட் அடிங்க" என்று கத்தினாள்.

தேவநாதன் சாவியைத் திருப்பினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. மேஸ்திரி தலை இன்னும் உள்ளேயே இருந்தது. பதறி நிமிர்ந்ததில் பானெட்டில் இடித்துக்கொண்டார். கையில் ஸ்க்ரூ டிரைவர். கார்புரேட்டரில் அவர் இன்னும் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

"சூடு ஆறிடுச்சு" என்றார்.

"இதத் தொறந்தேண்ணே. மூடுனா நிக்குது, தொறந்தா ஓடுது."

"சும்மா இரும்மா. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

நான் அவள் கையில் இருந்து மூடியை வாங்கினேன். அந்த வண்டிக்கு வந்த மூடி இல்லை அது. சொந்த மூடியைத் தேவநாதன் பேசிக்கொண்டே பெட்ரோல் பங்க்கில் மறந்துவிட்டு வந்து, பழைய மாடல் மூடி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். அந்த மாடலில் நடுவே ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை இருக்கும். எனக்குத் தெரிந்த மூடிதான், ஆனால் ஓட்டையைக் காணவில்லை. மஞ்சளாக ஈரச் சந்தனம், அதற்குக் கீழே காய்ந்த சந்தனம், நடுவில் அமுக்கி வைத்த குங்குமம்.

"இங்கயும் பொட்டு வெப்பியா?"

"வண்டி சோறு திங்கிற வாயி ஆச்சேக்கா. அதுக்கு வெக்காம? நடுவுல சின்னதா ஒரு குழி இருந்துச்சு. பொட்டு வெக்க அமைப்பா இருக்கேன்னு தெனம் அதுலயேதான் வெப்பேன். தெனம் இல்ல, மாலை ஏத்தற அன்னிக்கி."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பால் பாட்டிலைக் காற்றுப் போகாமல் மூடி, குழந்தையைச் சப்பச் சொன்னால் என்ன ஆகும்? கொஞ்சம் வரும், அப்புறம் பாட்டில் ஒடுங்கும், பால் வராது. டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்க்கே ஒடுங்கும். அதுதான் டொங். முகூர்த்தத்தன்று ஈரச் சந்தனம் ஓட்டையை அடைத்தது. ரெண்டு நாள் வெயிலில் காய்ந்து வெடித்ததும் வழி விட்டது. அதனால்தான் மேஸ்திரி காபி குடிக்கப் போன நாளெல்லாம் குதிரை மாதிரி ஓடியது. வண்டி நின்றபோதெல்லாம் கண் பட்டது என்று செல்வி அடுத்த தடவை இன்னும் கெட்டியாக அப்பினாள். அப்பின அளவுக்கு இன்னும் சீக்கிரமாக நின்றது. டேங்க் மூச்சுவிட இன்னொரு வழியும் இருந்தது. அது பாதி தூசி அடைந்து, ஏதோ கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தது. அதுதான் மேஸ்திரி போல்ட் போட்டு மூடின வேஸ்ட் பைப்.

செல்வியின் கொண்டையில் இருந்த ஹேர்பின்னை உருவிக் குத்தினேன். மாலைக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரில் கழுவினேன். ஊதிப் பார்த்தேன், காற்றுப் போனது. மூடினேன்.

"அதெல்லாம் இல்லக்கா, மிதவதான்" என்றார் மேஸ்திரி. தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

செல்வி கிண்ணத்தை எடுத்தாள். அதில் இன்னும் சந்தனம் இருந்தது. "அப்பிடியாண்ணே? அப்ப திரும்ப வெக்கறேன். மிதவைய தட்டிக்கினே சிதம்பரம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. நான் எறங்கி பஸ்ல மாலைய எடுத்துக்கினு போறேன்."

மேஸ்திரி வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நிற்கவில்லை. மண்டப வாசலில் மேனேஜர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அப்போதுதான் காசி யாத்திரை முடிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். கூடையைப் பிடுங்காத குறையாக வாங்கினார்கள். மேனேஜர் ஒரு மாலையை மூக்கருகே கொண்டுபோய், "என்னாம்மா, பெட்ரோல் வாசன வருது?" என்றார். "நேரத்துக்கு வந்துருக்குல்ல சார்" என்றாள் செல்வி. அவரும் சிரித்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்துக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார். செல்வி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் தேவநாதன் ஷெட்டில் வந்து உட்கார்ந்தார். "மச்சான், என் பழச எடுத்து மாட்டு."

"ஏன், இதான் ஓடுதுல்ல?"

"ஓடுது. அப்ப அதுவும் ஓடியிருக்கும்ல."

மேஸ்திரி பரணை நிமிர்ந்து பார்த்தார். அதோடு வண்டியை எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வண்டி, பானெட்டுக்குள் இன்னொரு வண்டி என்று போய் நின்றால் அங்கே என்ன சொல்வார்கள் என்று தேவநாதன் கேட்டார். அதையும் முன்னாடியே யோசித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

உரச் சாக்கைப் பரணில் இருந்து இறக்கினோம். கிள்ளின வயரையெல்லாம் சேர்க்க சிதம்பரத்தில் இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். அவர் வேலை பார்த்ததைவிடச் சிரித்தது ஜாஸ்தி. ஒவ்வொரு வயராக எடுத்து, "இத ஏன் வெட்டுனீங்க?" என்று கேட்பார். மேஸ்திரி வேறு பக்கம் பார்ப்பார். அடுத்த வயரை எடுத்து அதையே கேட்பார். கழற்ற ஒரு மத்தியானம் ஆனது. திரும்ப மாட்ட எவ்வளவு காலம் ஆனது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதற்குள் ஒரு முகூர்த்தமே வந்துபோனது. அதற்கு தேவநாதன் வாடகை வண்டி எடுத்தார். கம்ப்யூட்டர் பெட்டியை மாட்டி சாவியைத் திருப்பினதும் முதல் திருப்பிலேயே எடுத்துக்கொண்டது. அந்தப் பெட்டிக்கு ஒரு காலத்திலும் ஒரு கேடும் இருந்ததில்லை. என் கார்புரேட்டர் துணி சுற்றி டப்பாவுக்குள் போனது. எனக்கு வருத்தம்தான். ஆனால் நான் சிரித்த சிரிப்பு அந்த வருத்தத்துக்குச் சரியாகப் போய்விட்டது.

நீங்கள் கார்புரேட்டரே போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பெட்டி நிஜமாகவே செத்து, வேறு கிடைக்காமல், ஆர்.சி. பிரச்சினையும் இல்லாமல் இருந்தால் போடுங்கள், நானே வந்து ஐட்லிங் வைத்துத் தருகிறேன். சந்தனம் வைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. நானும் வைக்கிறவள்தான். ஆனால் அந்தச் சிவப்பு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, வண்டி என்றைக்கு நிற்கிறது, அன்றைக்குக் காலையில் வண்டிக்கு என்ன செய்தீர்கள் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். பானெட்டில் முழங்கையை ஊன்றின அழகிலேயே தெரிந்தது. பானெட்டைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். வண்டிக்காரர் வாயைத் திறந்து பேசும்போது காது கொடுக்கிற ஆள்தான் கிடைக்கவில்லை.

வண்டியை எடுத்துப் போக தேவநாதனும் செல்வியும் வந்த அன்றைக்கு அவள் கையில் அதே கிண்ணம் இருந்தது. சந்தனம் குழைத்துக் கொண்டுவந்திருந்தாள். நேராக மேஸ்திரியிடம் போனாள். குரலில் கோபமே இல்லை.

"அண்ணே, வண்டி வேல முடிஞ்சி எடுத்துக்கினு போறோம், பொட்டு வெக்காம எடுக்க மாட்டேன். எங்க வெச்சா ஒண்ணும் அடைக்காதோ அந்த எடத்தக் காட்டுங்க."

மேஸ்திரி பானெட்டைத் திறந்தார். ஓர் இடத்தைக் காட்டப் போனார். "இல்ல, இது காத்து இழுக்கற வழி" என்று கையை எடுத்தார். வேறோர் இடத்தில் விரலை வைத்தார், அங்கே சென்சார் இருந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். பின்னால் போய் டேங்க் பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். அந்த வண்டியை அவர் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றோம்.

"தெரியலம்மா" என்றார் கடைசியில்.

அவர் வாயில் இருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

செல்வி கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள். "அப்ப உங்க நெத்தியில வெச்சுக்குங்கண்ணே. அங்க எதுவும் உள்ள போற வழி இல்ல."

தேவநாதன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேஸ்திரி விரலை விட்டு எடுத்து, கிரீஸ் பட்ட கையோடு நெற்றியில் இழுத்துக்கொண்டார். சாயங்காலம் ஷெட்டு பூட்டுகிற வரைக்கும் அதைத் துடைக்கவில்லை.